நெளிந்த டம்ளரில் குண்டுகரிச்சான்

ஜனவரி 27, செவ்வாய்

பெங்களூரிலிருந்து மகன் அனுப்பிய பெட்டி வந்தது. அவன் ஆசையாக வாங்கி, அப்புறம் தொட நேரமில்லாமல் போன கேமரா. "சும்மா இருக்கறதுக்கு எதையாவது படம் எடுங்கப்பா" என்று போனில் சொன்னான். அவன் அம்மா கோமதி பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இனியாவது அடுக்களைக்குள்ள வந்து எட்டிப் பாக்கது நிக்கும்" என்றாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவளுடைய பொடி டப்பாக்களுக்கெல்லாம் நான் பெயர்ச்சீட்டு ஒட்டியதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியே தலை நரைத்தவன் நான். புறாவின் இதயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். ஆனால் என் வீட்டுப் புறவாசலில் வந்து உட்காரும் பறவைகளில் காகம், மைனா, குயில் தவிர வேறெதற்கும் பெயர் தெரியாது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே சொன்னால் மானம் போகும்.

இன்று எடுத்தவை: காகத்தின் பின்புறம், முருங்கைக் கிளை, என் கட்டைவிரல்.

சாயங்காலம் சுகந்திக்குப் போன் போட்டேன். என்னிடம் பிளஸ் டூ படித்தவள். இப்போது கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியர். பாளையங்கோட்டையில் பறவை பார்க்கிறவர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸப் குழு நடத்துகிறாள். எங்கள் வீட்டுப் புறவாசலையும் சாக்கடையையும் சுத்தம் செய்ய வரும் மாடத்தியின் மகள். எந்த மேடையில் ஏறினாலும் அவளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் நான் இறங்கியதில்லை. நான் உருவாக்கிய பிள்ளை.

"சனிக்கிழமை வாரேன் சார்" என்றாள்.

ஜனவரி 31, சனி

சுகந்தி வந்தாள். ஹாலில் சோபாவில் உட்காரவைத்து, மகன் கல்யாணத்துக்கு வாங்கிய பீங்கான் கப்பில் காபி கொடுத்தோம். தட்டில் பிஸ்கட்டும் வைத்தோம். அவள் தொடவில்லை. காபியை விட்டுவிட்டாளாம்.

சனிக்கிழமை என்பதால் மாடத்தியும் புறவாசலில் வேலையாக இருந்தாள். மகள் உள்ளே பேராசிரியராக உட்கார்ந்திருக்க, அம்மா பின்னால் வாருகோலோடு நிற்கிறாள். "இந்த வேலைய விடும்மான்னா கேக்க மாட்டேங்கா சார்" என்றாள் சுகந்தி. உழைத்துப் பழகிய உடம்பு, சும்மா இருக்காது என்று நான் சொன்னேன். அவள் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பாடம் நடந்தது. பறவையைத் துரத்தக் கூடாது, ஓரிடத்தில் ஒளிந்து காத்திருக்க வேண்டும். குளியலறை ஜன்னலே போதும், அங்கிருந்து துவைக்கிற கல்லும் குழாயும் காம்பவுண்டுச் சுவரும் நன்றாகத் தெரிகின்றன. பொத்தானை அழுத்துமுன் படத்தின் நான்கு மூலையையும் பார்க்க வேண்டும். "புதுசா எடுக்கிறவங்க பறவைய மட்டும்தான் சார் பாப்பாங்க. பக்கத்துல என்ன இருக்குன்னு பாக்கவே மாட்டாங்க." எனக்குப் பாடம் எடுக்கிறாளே என்று ஒரு பக்கம் பெருமையாகவும் ஒரு பக்கம் சுருக்கென்றும் இருந்தது.

நாங்கள் ஜன்னலைச் சோதித்துக்கொண்டிருந்தபோது கோமதி புறவாசலில் மாடத்திக்குக் காபி ஊற்றினாள். கையை நீட்டி, உயரத்திலிருந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவாள். அதில் அவள் கெட்டிக்காரி. சுகந்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வெளிச்சம் காலையில எந்தப் பக்கமிருந்து வரும் சார்?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 4, புதன்

காகம். காகம். அணிலின் வால். காகம்.

பிப்ரவரி 6, வெள்ளி

குளியலறைக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கோமதி கதவைத் தட்டி, "குளிக்கணுமா வேண்டாமா நாங்க?" என்கிறாள். அவளுக்கு முழங்கால் தைலம் வாங்க மறந்துவிட்டேன். அதற்கும் கேமராதான் காரணமாம்.

ஆனால் இன்று ஒன்று வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு. குழுவில் மங்கலான படத்தைப் போட்டேன். "குண்டுகரிச்சான், ஆண்" என்று சுகந்தி பதில் போட்டாள். இத்தனை வருஷம் விடிகாலையில் என்னை எழுப்பிய பாட்டு இவனுடையதுதானாம். நான் அதைக் குயில் என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அவனுக்குப் பிடித்த இடம் எதுவென்று கண்டுகொண்டேன். காம்பவுண்டுச் சுவரின் மூலையில் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளர். மகன் சின்ன வயதில் கிணற்றுக் கட்டையில் போட்டு விளிம்பை நெளித்தது. அதன் மேல் ஏறி நின்று வாலை ஆட்டுகிறான். காலை வெயில் சரியாக அந்த மூலையில் விழுகிறது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மூச்சை அடக்கி, கேமராவைத் தூக்கி, இதோ என்னும்போது மாடத்தி வந்து அந்த டம்ளரை எடுத்தாள். அவன் பறந்துவிட்டான். அவள் டம்ளரைக் குழாயில் அலசி, இரண்டு தரம் தண்ணீர் குடித்து, வேறு பக்கமாகக் கொண்டுபோய் வைத்தாள். ஒரு காலை முழுக்க வீண். கோபத்தை அடக்கிக்கொண்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

பிப்ரவரி 14, சனி

ஒரு யோசனை. டம்ளரை நிமிர்த்தி, நிறையத் தண்ணீர் ஊற்றி, அதே மூலையில் வைத்தேன். வெயில் ஏற ஏறப் பறவைகளுக்குத் தாகம் எடுக்குமே. மாடத்தியிடம் விஷயத்தை விளக்கினேன்.

"படம் ஒழுங்கா கிடைக்கிற வரைக்கும் இந்த டம்ளர நீ தொடாத, மாடத்தி."

"அதுக்கென்ன சார். குருவி குடிக்கட்டும். நான் குழாயிலயே குடிச்சுக்கிடுதேன்."

நல்ல மனுஷி. ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டாள். இன்றைக்குக் காபி வேண்டாமென்று சொல்லிவிட்டதாகக் கோமதி சொன்னாள். ஒரு வேலை மிச்சம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

தண்ணீர் நிறைந்த டம்ளரின் நெளிந்த விளிம்பில் இரண்டு காலையும் பதித்து நின்றான். குனிந்து ஒரு வாய் குடித்து, தலையைத் தூக்கி, அலகிலிருந்து ஒரு துளி விழுகிற நேரத்தில் அழுத்தினேன். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்ததில் வரிசையாகப் படங்கள் விழுந்தன. என் முதல் சம்பளத்தன்று கூட இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

குழுவில் போட்டேன். கைதட்டல், பூங்கொத்து, "சார், பிரமாதம்". என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர் தனுஷ்கோடியும் அந்தக் குழுவில் இருக்கிறார். அவர் ஒரு வெண்பாவே எழுதிவிட்டார். தளை தட்டியது. நானும் ஒரு கைதட்டல் போட்டேன்.

சுகந்தி படத்தைப் பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் போடவில்லை. வகுப்பில் இருப்பாள்.

பிப்ரவரி 18, புதன்

அவளே போன் செய்தாள். "நல்லா வந்திருக்கு சார். வெளிச்சம், துளி எல்லாம் நல்லா இருக்கு." அப்புறம், "டம்ளர் இல்லாம ஒண்ணு எடுங்களேன். முருங்கைக் கிளையில வரும்லா" என்றாள்.

இந்தப் பறவைக்காரர்களுக்கு மனிதன் செய்த பொருள் எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. நானும் படித்திருக்கிறேன். ஆனால் எடுத்தது காட்டில் இல்லையே, வீட்டுப் புறவாசலில்தானே. வீட்டுப் பொருள் இருந்தால்தானே அது வீட்டுப் பறவை. டம்ளர்தான் அந்தப் படத்துக்கே அழகு என்று நீளமாக வாதாடினேன். வகுப்பில் பேசுகிற மாதிரி பேசியிருக்கிறேன் போல.

"சரி சார். உங்க இஷ்டம்" என்றாள்.

பிப்ரவரி 25, புதன்

கரண்டு பில் கட்டினேன். தைலம் வாங்கினேன். கோமதி அரை மனதாகச் சிரித்தாள்.

மார்ச் 8ஆம் தேதியிலிருந்து ஒரு வாரம், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து ஹாலில் எங்கள் குழுவின் கண்காட்சி. வீட்டுப் புறவாசலில் எடுத்த உயிர்களின் படங்கள் மட்டும். என் படத்தை நடுச்சுவரில் பெரிதாக மாட்டுவதென்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். சுகந்தி ஒன்றும் சொல்லவில்லை. படத்துக்குத் தலைப்பு கேட்டார்கள். யோசித்து யோசித்து, "விருந்தாளி" என்று கொடுத்தேன்.

டம்ளர் இன்னும் பறவைக்குத்தான். இன்னொரு நல்ல படம் கிடைத்தாலும் கிடைக்கும்.

மார்ச் 7, சனி

நாளைக்குப் போட வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தேன். மாடத்தியையும் வரச் சொன்னேன். "எனக்கென்ன சார் தெரியும் குருவியப் பத்தி" என்றாள். "உன் மக நடத்துத கூட்டம், நீ வரலன்னா எப்படி" என்றேன். சிரித்துக்கொண்டே சரியென்றாள். என்னுடைய பழைய தலைமையாசிரியர் உட்பட எல்லோரும் வருவார்கள். மாடத்தியையும் சுகந்தியையும் என் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

கண்காட்சி தொடங்கியது. நல்ல கூட்டம். எல்லோரும் பாராட்டினார்கள். வெயிலில் தலைவலி வந்ததால் சீக்கிரம் வந்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

நேற்று எழுதியது பொய். முழுப் பொய் இல்லை. கூட்டம் வந்தது, பாராட்டினார்கள். ஆனால் தலைவலி இல்லை.

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இதையும் நானே நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

மாடத்தி பூப்போட்ட புதுச் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து வந்திருந்தாள். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடுச்சுவருக்கு வந்தாள். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிய படம். நின்று பார்த்தவள், குரலைத் தாழ்த்தத் தெரியாத சந்தோஷத்தில் மகளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி சுகந்தி, இங்ஙன வந்து பாரு. நம்ம டம்ளருல்லா இது."

பக்கத்தில் தனுஷ்கோடியும் தலைமையாசிரியரும் இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள். தனுஷ்கோடி, "உங்க டம்ளரா?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"ஆமாய்யா. விளிம்பு நெளிஞ்சிருக்குல்லா, அத வச்சே தெரியுதே. சார் வீட்டுப் புறவாசல்ல எனக்குன்னு வச்சிருக்காவ. காப்பி, தண்ணி எல்லாம் எனக்கு அதுலதான். குருவிக்கு வேணும்னு சார் கேட்டாவ, குடுத்துட்டேன். இப்பம் குழாயில கைய ஏந்திதான் குடிக்கேன். பரவால்ல, எம்புட்டு அழகா உக்காந்திருக்கு பாருங்க."

அவள் குரலில் ஒரு குத்தலும் இல்லை. தன் பொருள் இத்தனை பெரிய சுவரில் ஏறியிருக்கிறதே என்ற மகிழ்ச்சிதான் இருந்தது. தலைமையாசிரியர் படத்தின் கீழே குனிந்து தலைப்பை வாசித்தார். தனுஷ்கோடி என்னைப் பார்த்தார்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "அது செடிக்குத் தண்ணி ஊத்துத டம்ளர். மாடத்தி எதையோ நெனச்சுச் சொல்லுதா" என்றேன்.

மாடத்தி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடிதான். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் முகத்தில் என்ன இருந்ததோ.

"ஆமா ஆமா, செடிக்குள்ளதுதான். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். எனக்குக் கண்ணும் சரியாத் தெரிய மாட்டேங்கு" என்றாள்.

ஒவ்வொரு வருஷமும் புதுப் பாடப்புத்தகம் கொடுக்கும் நாளில் முதல் பக்கத்தில் தீண்டாமையைப் பற்றி அச்சடித்திருக்கும் மூன்று வரிகளைப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி உரக்கப் படிக்கவைத்தது அதே ஹாலில்தான். சுகந்தியும் ஒரு வருஷம் அங்கே நின்று படித்திருக்கிறாள். நேற்று அவள் அம்மாவின் கையைப் பிடித்து அடுத்த படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என்னைப் பார்க்கவில்லை. நான் வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன்.

அதே நாள், மாலை

சுகந்திக்கு மூன்று தரம் போன் செய்தேன். எடுக்கவில்லை. நாலரை மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

எடுத்த எடுப்பில், "நீ முன்னாலயே நேராச் சொல்லியிருக்கலாமே, சுகந்தி" என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் போன் செய்தேன். வாயில் வந்தது இது.

"டம்ளர் இல்லாம எடுங்கன்னு சொன்னேன் சார். உங்களுக்காகத்தான் சொன்னேன்."

"எனக்கு அது படத்துல ஒரு பொருளாத்தான் தெரிஞ்சுது."

"சின்னப் பிள்ளையில அம்மா கூட வரும்போது நானும் அதுலதான் சார் தண்ணி குடிச்சேன். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்னுதான் இத்தன நாளா நெனச்சேன்."

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"டம்ளர் கூடப் பரவால்ல சார். அம்மாவப் பொய் சொல்ல வச்சுட்டிய. அதுவும் என் முன்னால" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

கேமராவில் மிச்சமிருந்த படங்களைப் பார்த்தேன். டம்ளர் இல்லாமல் ஒன்று இருந்தால் அதை மாட்டச் சொல்லலாமே என்று அப்போதும் புத்தி அப்படித்தான் போயிற்று. அன்று வரிசையாக விழுந்த படங்களில் கடைசி ஒன்று. பறவை பாதி பறந்துவிட்டது, சிறகு மட்டும் ஓரத்தில் கலங்கலாகத் தெரிகிறது. கேமரா அவனை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறது. குழாயடியில் மாடத்தி குனிந்து, இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் குடிக்கிறாள். முன்னால் சுவரில் டம்ளர் நிறையத் தண்ணீர்.

அன்று நான் அந்த ஜன்னலில்தான் இருந்தேன். என் கண் முன்னால்தான் குடித்திருக்கிறாள்.

கோமதியிடம் காட்டினேன். "அந்த டம்ளர அங்ஙன வச்சது நீதான" என்று ஆரம்பித்தேன்.

"நான்தான் வச்சேன். நீங்க இத்தன வருஷமா அந்த வழியாத்தான குளிக்கப் போறிய?" என்றாள்.

அழிக்கும் பொத்தானில் விரலை வைத்து எடுத்தேன். அழிக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மாடத்தி வரமாட்டாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். எப்போதும்போல வந்தாள்.

நானே அடுக்களைக்குப் போய்க் காபி கலந்தேன். அலமாரியில் நாங்கள் குடிக்கிற ஆறு டம்ளர்கள் உண்டு. கோமதியின் கல்யாணச் சீர், ஒரே அச்சில் வார்த்தவை. அதில் ஒன்றில் ஊற்றிப் புறவாசலுக்கு எடுத்துப்போய் நீட்டினேன்.

"உள்ள உள்ளதுல வேண்டாம் சார். அம்மா வைவாவ."

"குடி, மாடத்தி" என்று உள்ளேயிருந்து கோமதியின் குரல் வந்தது. அவள் வெளியே வரவில்லை.

மாடத்தி வாங்கிக்கொண்டாள். தலையை அண்ணாந்து, டம்ளரை உயர்த்திப் பிடித்து, உதடு படாமல் குடித்தாள். சூட்டில் கண் கலங்கியது. "வாய் வச்சே குடியேன்" என்று நான் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழம நான் சொன்னது தப்பு, மாடத்தி."

"விடுங்க சார். நாலு பேருக்கு முன்னால உங்களுக்கும் ஒரு மாதிரியாப் போயிருக்கும்லா" என்றாள். என்னைத் தேற்றுகிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, இரண்டு தரம் அலசினாள். அப்புறம் அதைக் கொண்டுபோய்க் காம்பவுண்டுச் சுவரில், நெளிந்த டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். அவள் கை தொட்டது இனி வெளியேதான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். நாங்கள் அப்படிப் பழக்கியிருக்கிறோம்.

அவள் போனபின் அதை எடுத்து வந்து அலமாரியில் மற்ற ஐந்தோடு வைத்தேன். நெளிந்ததைப் பழைய இரும்புக்குப் போடும் சாக்கில் போட்டேன். கோமதி பார்த்தாள்.

தனுஷ்கோடிக்குப் போன் செய்து, அது மாடத்தி குடிக்கிற டம்ளர்தான், நான் சொன்னது பொய் என்றேன். "தெரியும்யா" என்றார். தலைமையாசிரியருக்கும் சொன்னேன். கேட்டுக்கொண்டு, வெயில் அதிகமாக இருக்கிறது என்றார். படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடச் சொல்லிக் குழுவில் எழுதினேன். சுகந்திக்கு இவற்றையெல்லாம் எழுதி அனுப்பினேன். மாடத்தி உள் டம்ளரில் காபி குடித்தாள் என்பதையும் எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 11, புதன்

காலையில் குண்டுகரிச்சான் வந்தான். சுவரின் மூலையில் உட்கார்ந்து, ஏதோ குறைகிறதென்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். படம் எடுக்கவில்லை.

சுகந்தியின் பதில் வந்திருந்தது. "ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கக் குளத்துக்குப் போகிறோம். வாங்க சார்." அவ்வளவுதான். இதற்குமேல் நான் எதிர்பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை. வருகிறேன் என்று எழுதி, அனுப்பப் போனேன்.

அப்போது கோமதி காபி கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை வாயருகே கொண்டுபோனவன் நிறுத்தினேன். திருப்பி அடியைப் பார்த்தேன், விளிம்பைப் பார்த்தேன். ஏதாவது கீறல், சாம்பல் தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோமதி எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னத்தத் தேடுதிய?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஆறும் ஒரே மாதிரி இருக்கின்றன. மாடத்தி குடித்தது எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. முடியாததால்தான் குடித்தேன்.

சுகந்திக்கு எழுதியதை இன்னும் அனுப்பவில்லை.